எண்பத்தைந்து மில்லிமீட்டர்

பௌர்ணமி போயா விடுமுறை என்பதால் பதுளையில் கடைகள் பூட்டியிருந்தன. புஹாரியின் ஸ்டூடியோ பின்னறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள். நான்காவது ஆள் கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர்.

வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடி வரத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கம்பனி லென்ஸ் இறக்குமதி செய்தது. ஊவா மாகாணத்தில் படம் பிடிக்கும் எல்லோரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தார். இத்தனை வருடத்தில் கையில் எடுத்த லென்ஸ்களில் எது எல்லாவற்றிலும் நல்லது? ஒரு லென்ஸ்தான் சொல்ல வேண்டும். அதில் எடுத்த படம் ஒன்று தர வேண்டும். அடுத்த வாரம் நகர மண்டபத்தில் கண்காட்சி.

லத்தீப் முதலில் சொன்னான். "இருபத்தெட்டு மில்லிமீட்டர். கலியாண வீட்டுல ஒருத்தரையும் வெட்டாது."

"ஓரத்துல நிக்கிற மாமிய தடிப்பாக்கும்," என்றார் புஹாரி.

"மாமி தடிப்புதான், புஹாரி நானா. லென்ஸ்ல பிழை இல்ல."

புஹாரிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது. "நான் கட்டினதோடயே வாழ்றேன்," என்றார். "அதையே எழுதிக்கங்க."

கம்பனிக்காரர் எழுதிக்கொண்டார். பிறகு மூன்றாவது ஆளான ஷுக்ரியைப் பார்த்தார்.

"ஐம்பது," என்றான் ஷுக்ரி.

லத்தீப் சிரித்தான். "பொய் சொல்றான் ஸேர். இந்த ஊருல பொண்ணு பாக்கக் குடுக்கிற படமெல்லாம் இவன்ட எண்பத்தஞ்சுல எடுத்தது. எப்பிடிப்பட்ட மூக்குக்கும் மாப்பிள கெடைக்கும்."

"அது பழைய லென்ஸ்."

"பழசுன்னா என்ன? மடுல்சீமைப் படம் எதுல எடுத்த மச்சான்? சொல்லு."

லத்தீபே சொன்னான். ஐந்து வருடத்துக்கு முன்பு, பொலிஸுக்காக எடுத்த படம். செத்துப்போன ஒரு தோட்டத் தொழிலாளி. செத்தவன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தூங்குகிற மாதிரி இருப்பான். கண்ணிமை முடியை எண்ணலாம்.

"நெகட்டிவ் இருக்கா?" என்று கேட்டார் கம்பனிக்காரர்.

"பொலிஸ் எடுத்துட்டுது," என்றான் ஷுக்ரி.

"செத்தவன்ட பொஞ்சாதிட வீட்டுல ஒரு பிரதி ஈக்கி," என்றான் லத்தீப். "நான்தானே பிரேம் போட்டேன்."

"செத்த ஆள்னு நாம சொல்லத் தேவையில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. வாசல்லயே மாட்டுவோம்." கம்பனிக்காரர் தன் கொப்பியில் 'உழைப்பாளியின் உறக்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

*

அந்த லென்ஸை இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து ஷுக்ரி வாங்கியிருந்தான். முகம் எடுப்பதற்கு அதற்கு மேல் ஒன்று இல்லை. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கண் நிற்கும். காதும் கழுத்தும் பின்சுவரும் கரைந்துவிடும். அவன் மனைவி ஹம்ஸியாவைக் கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை எடுத்ததும் அதில்தான்.

1974 மாசியில் பொலிஸ் ஜீப் வந்து அவனை மடுல்சீமைக்கு அழைத்துப்போனது. வழியில் கான்ஸ்டபிள் விஷயத்தைச் சொன்னார். குடித்துவிட்டு வந்த தொழிலாளி ஒருவன் ஃபேக்டரிக்குக் கீழே தண்ணீர்க் கானுக்குள் விழுந்திருக்கிறான். காலையில்தான் கண்டிருக்கிறார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் செத்துப்போன இராமையாவை மேசையில் கிடத்தியிருந்தார்கள். முப்பத்துநான்கு வயது. பொலிஸ் வேலைக்கு ஷுக்ரிக்கு ஒரு முறை உண்டு. ஐம்பது மில்லிமீட்டர், ஃப்ளாஷ், சின்னதாக்கிய லென்ஸ் துவாரம். தலைமுடியிலிருந்து நகம்வரை எல்லாம் ஒரே தெளிவில் படத்தில் விழும். அவன் ஃப்ளாஷை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற பெண் பேசினாள். இராமையாவின் மனைவி ரெங்கம்மா.

"மொதலாளி, அவரு படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லங்க. கொஞ்சம் நல்லா எடுத்துக் குடுங்க."

அவன் ஃப்ளாஷைக் கழற்றினான். எண்பத்தைந்தை மாட்டினான்.

ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. துவாரத்தை முழுதாகத் திறந்தான். மேசையின் வலப்பக்கம் நின்று ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினான். முதலில் காது தெளிந்தது. காதுக்குப் பின்னால் கறுத்த தடிப்பு. இரண்டு விரல் நீளம். கீழ் நுனியில் தோல் வெடித்திருந்தது. இன்னும் திருப்பினான். காது கரைந்தது. கன்னம் வந்தது. பிறகு கண்ணிமை. இமைமுடிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. அங்கே நிறுத்தினான்.

நான்கு படம் எடுத்தான். நான்கும் கண்ணில்.

அப்போது எதுவும் தோன்றவில்லை என்று பின்னால் பல நாள் தனக்குச் சொல்லிக்கொண்டான். முகம் என்றால் கண்ணில்தான் ஃபோகஸ். கை அப்படிப் பழகியிருந்தது. மறுநாள் படத்தைக் கழுவியபோது காதுப் பக்கம் வெறும் நிழலாக இருந்தது. அதற்குள் இராமையாவைப் புதைத்துவிட்டார்கள்.

மரண விசாரணைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. முடிவு விபத்து என்று வந்தது. ரெங்கம்மாவுக்கு ஒரு பெரிய பிரதி போட்டு அனுப்பினான்.

*

வியாழக்கிழமை பசறை வழியாக மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினான். லுணுகலைக்குப் பிரியும் சந்தியில் ரெங்கம்மாவிடம் கண்டதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். மடுல்சீமையில் இறங்கியபோது படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது என்று முடிவு செய்தான். பதுளைக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு.

தொழிலாளர் லயத்தில் வரிசையாக எட்டுக் காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீடு. ரெங்கம்மாவுடையது முதலாவது. அவள் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். காலில் அட்டை கடித்த இடத்தைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்க மொதலாளி. நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்லங்க."

பால் இல்லாத சாயத்தண்ணி கொடுத்தாள். படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம். ஷுக்ரி அதைப் பார்க்காமல் கண்காட்சியைப் பற்றிச் சொன்னான். எந்த லென்ஸ் நல்லது என்று எல்லோரும் ஒரு படம் வைக்கிறார்கள். ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடுவான்.

"கேமராக் கண்ணாடிக்குப் போட்டியா?"

"அப்பிடித்தான்."

"இந்தப் படத்த எடுத்த கண்ணாடி நல்ல கண்ணாடிங்களா?"

"நல்லதுன்னு சொல்றாங்க."

அவள் ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கினாள். முந்தானையால் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"இருக்கிறது எல்லாம் அதுல விழுந்துருங்களா? விழாம போறது உண்டா?"

ஷுக்ரி கோப்பையைக் கீழே வைத்தான். "ஏன் கேக்கிறீங்க?"

"தூக்கறதுக்கு முன்ன தலைக்கு எண்ணெ சீயக்கா வச்சேன். காதுக்குப் பின்னால வெரல்ல தட்டுச்சு. வீங்கியிருந்திச்சு. குனிஞ்சு பாத்தேன், கருப்பா அடி. பக்கத்துல நின்னவுககிட்ட சொன்னேன். அழுவுற நேரத்துல எதையாச்சும் பேசாத புள்ளன்னாக. ஒரு வாரங் கழிச்சு ஆபீசுல விசாரண. அங்கயும் சொன்னேன். அவரு குடிக்கவே மாட்டாரு, கொழுந்து நிறுவையில எடைய வெட்டுனத கேக்கத்தான் அன்னைக்கி ஃபேக்டரிக்கி போனாரு, யாரோ அடிச்சிருக்காகன்னேன். விசாரண ஐயா உங்க படத்த எடுத்து காட்டினாரு. எங்கேம்மா அடி, நீயே காட்டுன்னாரு. நான் பாத்தேன். இல்ல."

அவள் சுவரில் படம் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது.

"லயத்துல எல்லாரும் சொன்னாக, ஒனக்கு மூள கலங்கிருச்சுன்னு. அஞ்சு வருசமா தெனம் இந்தப் படத்த பாக்கிறேன். இதுல இல்ல. என் வெரலுதான் பொய் சொல்லுச்சோன்னு இருக்கு. இப்ப அந்த எடத்த நெனச்சா சரியா ஞாபகமே வர மாட்டேங்குது மொதலாளி. அதான் கேக்கிறேன்."

கீழ் ரோட்டில் ஏதோ லொறி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. ஷுக்ரிக்குப் படம் கையில் இருந்தது. எழுந்தால் போகலாம். சில நேரம் விழாமல் போகும் என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை.

"நான் கண்டேன்," என்றான்.

"என்னத்த?"

"அடிய. கேமராவுக்குள்ளால. முதல்ல அதுதான் தெரிஞ்சிச்சு. பொறகு நான் திருப்பிட்டேன்."

"என்னத்த திருப்பினீங்க?"

"ஃபோகஸ. ஒரு இடத்துலதான் வைக்கலாம். கண்ணுல வெச்சேன். நீங்க நல்லா எடுக்கச் சொன்னீங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தெரிந்தது.

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "எனக்காகச் சொல்றீங்களா?" என்றாள்.

"இல்ல."

"எந்தக் காது?"

"வலது."

"எங்கன? உங்க காதுல காட்டுங்க."

அவன் படத்தை மடியில் வைத்துவிட்டு வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்தான்.

"எவ்வளவு நீட்டு?"

இரண்டு விரல் காட்டினான். "கீழ்நுனியில தோல் வெடிச்சிருந்திச்சு."

அது அவள் சொல்லாதது. ரெங்கம்மா அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. சேலை நுனியைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஆமா," என்றாள். "வெடிச்சிருந்திச்சு. எண்ணெ அதுக்குள்ள போச்சு."

சேலை நுனியை விட்டுவிட்டுக் கேட்டாள். "அப்பவே ஏங்க சொல்லல?"

"யாரும் கேக்கல."

"நான் கேக்கலதான்," என்றாள். அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் எழுந்து செருப்பில்லாமல் வெளியே இறங்கினாள். "வாங்க. படத்தையும் எடுத்துக்கங்க."

"எங்க?"

"லயத்துல சொல்லணும்."

பக்கத்துக் காம்பராவில் பெரியாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பெரியாயி அக்கா, வெளிய வா. மொதலாளி ஒண்ணு சொல்லுவாரு." பெரியாயி சுளகோடு வந்து நின்றாள். ஷுக்ரி சொன்னான். படத்தில் கரைந்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். தன் காதையும் காட்டினான். பெரியாயி சுளகைப் பார்த்தாள், ரெங்கம்மாவைப் பார்த்தாள். "எனக்கென்னம்மா தெரியும்," என்றாள். "எல்லாரும் சொன்னத நானும் சொன்னேன்."

"தெரியும்க்கா. இப்ப கேட்டுக்க."

அடுத்த வாசலில் கிழவர் ஒருவர். காது மந்தம். ரெங்கம்மா ஒவ்வொரு சொல்லையும் அவர் காதருகே திருப்பிச் சொன்னாள். தான் சொன்னதை அவள் குரலில் கேட்டபோது ஷுக்ரிக்கு அது நீளமாகப் பட்டது. இந்த இரண்டாவது வாசலிலேயே அவன் பேச்சு குறைந்துபோயிருந்தது.

நான்காவது காம்பராவின் முன்னால் சின்னராசா மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. ஷுக்ரி சொல்லத் தொடங்கியதும் தலையைக் குனிந்தபடியே கையை உயர்த்தினார்.

"தெரியுங்க," என்றார்.

ரெங்கம்மா, "என்ன தெரியும்?" என்றாள்.

"கானுலருந்து தூக்கினதே நாங்கதானே. தல என் கையிலதான் இருந்திச்சு."

"எனக்கு மூள கலங்கிருச்சுன்னு நீங்கதான மாமா மொதல்ல சொன்னீங்க?"

சின்னராசா காம்பைத் தரையில் இரண்டு தரம் குத்தினார். அது இறுகவில்லை. "படத்துல இல்லியேம்மா," என்றார். "படத்துல இல்லாதத நான் எப்புடி ஆபீசுல அவுககிட்ட போயி சொல்றது? வேல இருக்கணுமே. புள்ளைக நாலு."

அந்தப் பக்கத்துக் காம்பராவில் யாரோ கதவைச் சாத்தினார்கள். பெரியாயி இன்னும் தன் வாசலில்தான் நின்றாள். ஷுக்ரி படத்தை முகப்பு உள்பக்கமாக நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். சின்னராசா அவனைப் பார்க்கவில்லை.

ரெங்கம்மா சாத்திய கதவின் முன்னால் போய் நின்று மூன்று தரம் தட்டினாள்.

"வாங்க மொதலாளி," என்றாள். "இவுகளுக்கும் தெரியுமான்னு பாப்போம்."