ஜாமீன் கையெழுத்து

பொழிச்சலூரின் அந்தத் தெருவில் ஒருவர் வாங்கிய கடனைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிக்கலாம். பொறியாளர் ஒருவரின் சம்பளத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. இதை எவரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

1989இல் தெருவுக்கு வாய்த்திருந்த ஒரே பொறியாளர் சிட்டிபாபு. நன்கொடை கட்டிப் படித்துவிட்டு, மறைமலை நகர்ப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அவன் வருமானம் குறித்து அவனுடைய தாய் செல்லம்மா வெளியிட்டிருந்த ஒரே அறிக்கை, “நல்ல கம்பெனி” என்பது. அத்தொடரின் வலிமை முழுவதும் அதன் தெளிவின்மையில் இருந்தது. கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் ஆசைக்கேற்ற தொகையொன்றை அதில் நிரப்பிக்கொண்டனர். துரைராஜ் நிரப்பிக்கொண்டது ஐயாயிரம்.

துரைராஜுக்குத் தொலைபேசி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அவருடைய ஒரே மகன் சம்பத்துக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்திருந்தது. சில நூறு ரூபாய்தான் கட்டணம். சம்பத் ஆசைப்பட்டதும் அதற்குத்தான் என்பது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. “மேத்ஸா? பரவால்ல சார், மனச வுட்டுடாதீங்க” என்று தெரு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போயிற்று. மானமுள்ள தந்தை என்ன செய்வார்? ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பேசி முடித்தார். கூடுவாஞ்சேரி மனையை விற்றது போக இன்னும் அறுபதாயிரம் தேவைப்பட்டது.

அக்கம்பக்கத்தில் அவ்வளவு ரொக்கத்தை எடுத்துக் கொடுக்கக்கூடியவர் தபீதாள் மிஸ் ஒருவரே. எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவர், மாடியில் காலையும் மாலையும் டியூஷன் நடத்துபவர். பாயில் இடம் கொள்ளாமல் மாணவர்கள் படிக்கட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள். கணிதம் படித்தவர்களுக்கு எதிர்காலம் இல்லை என்பதில் உறுதியாக இருந்த பெற்றோர், மாதம் பிறந்ததும் அவரிடம் தவறாமல் பணம் கட்டினர். இதில் முரண் ஏதும் இருப்பதாக அவர்களில் ஒருவருக்கும் படவில்லை.

கணிதத்துக்குக் கட்டணம் கட்ட மறுநாள் கடைசி நாள் என்றிருந்த காலையில், துரைராஜ் சம்பத்தையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார். “எதுக்கு சார் இவ்ளோ?” என்று கேட்டார் மிஸ்.

“பையன இன்ஜினீயரிங் சேக்கறோம் மிஸ். மேத்ஸ்தான் கிடைச்சிருக்கு. அதப் படிச்சு இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க. கடைசில டியூஷன்தான் எடுக்கணும்.”

யாரிடம் சொன்னோம் என்பது உறைக்காமலே துரைராஜ் பணிவாகச் சிரித்தார். மிஸ்ஸும் சிரித்தார்.

“ரெண்டு ரூபா வட்டி. மாசம் ஆயிரத்து எரநூறு ஆகும். சம்பளக்காரர் ஒருத்தர் ஜாமீன் போடணும். உங்க ஆபீஸ் ஆளுங்க வேணாம். அவங்கல்லாம் ஏற்கெனவே ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன்.”

“நம்ம சிட்டிபாபு இருக்கான் மிஸ்! நல்ல கம்பெனி.”

படியிறங்கும்போது சம்பத் கேட்டான்: “நல்ல கம்பெனின்னா எவ்ளோப்பா?”

“இன்னாடா?”

“மாசம் எவ்ளோ வரும்? அது தெரிஞ்சாத்தானே ஆயிரத்து எரநூறு கட்ட முடியுமான்னு தெரியும். சிட்டி அண்ணாவையே கேக்கலாமே.”

“கேப்பியா? அசிங்கமா இல்ல? நாலு பேர் காறித் துப்புவான்.”

சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கடன் காசு பிசகாமல் எழுதப்பட்டிருந்தது. மறுபக்கத்தில் ஒரு நல்ல வார்த்தை இருந்தது. இரண்டும் சமம் என்பதைத் தெரு ஏற்கெனவே நிறுவிவிட்டிருந்தது.

துரைராஜும் சம்பத்தும் காத்திருந்த மிஸ் வீட்டு மாடிக்கு அன்று மாலையே சிட்டிபாபு வந்தான். வேலையிலிருந்து நேரே வந்ததால் நகக்கண்களில் கிரீஸ் அப்பியிருந்தது. மகனின் கையெழுத்தைக் கேட்டு ஆள் வந்த பெருமையில் செல்லம்மாவும் கூடவே வந்திருந்தாள்.

“எம் புள்ள கையெழுத்துன்னா பேங்க்காரனே எந்திரிச்சி நிப்பான்” என்றாள், படிக்கட்டு மாணவர்களுக்கும் கேட்கும்படி.

மிஸ் பத்திரத்தை நீட்டினார். ஊர் வழக்கம் அவருக்கும் தெரியும். “தம்பி, வாயால சொல்ல வேணாம். சம்பளத்த அந்தக் கோட்டுல எழுதிட்டு, கீழ கையெழுத்து போடுங்க.”

துரைராஜ் நாகரிகமாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உடை மாற்றுகிறவருக்கு அளிக்கும் அதே மரியாதை.

“எழுதுடா” என்றாள் செல்லம்மா. “கொஞ்சம் நல்லாவே எழுது.”

சிட்டிபாபு பேனாவைத் திறந்தான். சம்பத்தைப் பார்த்தான். “மாசம் வட்டி எவ்ளோ மிஸ்?”

“ஆயிரத்து எரநூறு.”

“வட்டி மட்டுமா?”

“வட்டி மட்டும்.”

அவன் பேனாவை மூடிப் பத்திரத்தின் மேல் வைத்தான்.

“இன்னாடா, மை தீந்துபோச்சா?” என்றாள் செல்லம்மா.

“என் இன்ஜினீயரிங் சீட்டுக்கு வாங்குன கடனே இன்னும் பாதி அடையலம்மா. நான் எங்கேந்து இவனுக்கு ஜாமீன் போடறது?”

“டேய், மெதுவா பேசு. பசங்க கீறாங்க.”

“இருக்கட்டும்மா. அவங்களும் கேக்கட்டும்.” அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான், கடைசிப் படியில் இருந்தவனுக்கும் எட்டும்படி குரலை உயர்த்தினான். “என் சம்பளம் ஆயிரத்து நூத்தி அம்பது ரூபா. ஓவர்டைம் சேத்து.”