பள்ளத்து நிலத்துக்கு எந்த நிறம்

நகரமைப்பு அலுவலகத்தில் அவள் பதினெட்டு வருடங்களாகப் படம் வரைபவள். ஊர் நாலாபக்கமும் பெருத்துக்கொண்டிருந்ததால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கான நிலத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. வீடு கட்ட மஞ்சள், கட்டவே கூடாத இடத்துக்குப் பச்சை. கிழக்கே இருந்த பள்ளத்து நிலம் முழுக்க மஞ்சளாக வந்திருந்தது. அதில் அவள் அண்ணனுக்கும் நான்கு ஏக்கர்.

வரைபடத்தில் இருந்த உயர அளவுகள் முப்பது வருடப் பழசு. அதற்குப் பிறகு ரோடே இரண்டு முறை உயர்ந்துவிட்டது. அவளுக்கு உறுத்தியது.

“சார், புதுசா ஒரு தடவ லெவல் எடுத்துப் பாத்துடலாம்,” என்றாள் மேலதிகாரியிடம்.

“அச்சுக்குப் போற நேரத்துல ஏம்மா குட்டையக் குழப்புற?”

“அங்க இருக்கறதே குட்டைதான் சார். அதத்தான் சொல்றேன்.”

அவர் சிரித்துவிட்டார். “ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் இருக்கு. ஆபீஸ் வேல கெடாம என்னமோ பண்ணு.”

அண்ணன் நிலமும் அங்கே இருப்பதை முதலில் அவரிடமே எழுதிக் கொடுத்தாள். பிறகு மூட்டுவலிக்காரரான சர்வேயரைப் பேசிப் பேசிக் கரைத்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கருவியைத் தூக்கி வந்தார். பதினோரு நாள், காலை ஆறு முதல் ஒன்பது வரை. ஒருநாள் அவர் செருப்பைச் சேறு விழுங்கிவிட, வெறுங்காலோடு ஆபீசுக்கு வந்தார்.

நிலம் ரோட்டைவிட ஒன்றரை மீட்டர் தாழ்ந்திருந்தது. ஏழு தெருக்களின் மழைநீர் அங்கேதான் போய்த் தேங்கி வடிந்தது. அங்கே வீடு எழும்பினால் அந்த வீடுகளிலும் தண்ணீர் நுழையும், ஏழு தெருக்களிலும் நிற்கும். பள்ளத்துக்குப் பச்சையடித்து, மேற்கு மேட்டை வீடுகளுக்கு ஒதுக்கி, பள்ளத்துக்காரர்களுக்கு அங்கே மாற்று மனை தரும் புதிய படத்தை வரைந்து முடித்தாள்.

விஷயம் தெரிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“கூடப் பொறந்தவன் தலையிலயே கைய வைக்கிறியா?”

“தண்ணிக்கு அண்ணன் தங்கச்சி தெரியாதுண்ணா. நாளைக்கு அங்க குடி வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“உங்க அண்ணிகிட்ட நான் என்ன பதில் சொல்றது?”

அவர் போன பிறகு அளவுகளை இன்னொரு முறை சரிபார்த்தாள். படத்தைத் திருத்தவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில், பள்ளத்துக்காரர்கள் சார்பில் பேச அண்ணன் எழுந்தார். அவர் தங்கையின் பக்கமே பார்க்கவில்லை.

“மூணு வருஷமா என் மோட்டார் ரூமுக்குள்ள இடுப்பளவு தண்ணி,” என்றார். “வாங்குறவங்ககிட்ட சொல்லாம தள்ளிவிட்றலாம்னுதான் இருந்தேன். ஆனா இந்தக் கணக்கு சரிதான். மேட்டுல எடம் தர்றத வாய்ல சொல்லாதீங்க, எழுத்துல குடுங்க.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் உட்காரவில்லை. மேலதிகாரி எழுதிக் கொடுக்கும்வரை நின்றார்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. வடக்கு மூலையில் ஏற்கெனவே அஸ்திவாரம் போட்டிருந்ததால் அது மஞ்சளாகவே போனது. மீதி பச்சை. அண்ணனுக்கு மேட்டில் கிடைத்த மனை சின்னது. அண்ணி ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திட்டம் முடிவான வாரமே அவளும் சர்வேயரும் வடக்கு மூலையில் இறங்கினார்கள், அந்த வீடுகளுக்கான வடிகாலுக்கு அளவெடுக்க.