நில் என்ற சொல்

அத்-பாஷிப் பள்ளத்தாக்கில் புல்லை அறுத்துப் போட்டால் மூன்றே நாளில் காய்ந்துவிடும். புருல்சாவின் வயலில், ஓடைப்பக்கம் திரும்பும் இடத்தில் மட்டும் ஐந்தாம் நாளும் ஈரம் விடவில்லை. டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய கிளறி எந்திரம் நான்கு தடவை அந்தப் புல்லை அள்ளி வீசியாயிற்று. மேலே பறக்கும்போது காய்ந்தாற்போல் இருக்கும், கீழே விழுந்ததும் நனைந்து கிடக்கும். மழை இல்லை, பனி இல்லை, பட்டப்பகல் வெயில்.

அவளுடைய மாமனார் போன வருடம் செத்தது அந்த இடத்தில்தான்.

கிழவரின் பெயர் தொக்தோசுன். முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போக, இதுவாவது நிற்கட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர். அந்த ஊர்ப் பேச்சில் தொக்தோ என்றால் நில். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. ஆக, பதினோரு வருடமாகப் புருல்சாவுக்கு உலகத்தில் 'தொக்தோ' கிடையாது. மாட்டிடமும் பஸ்காரனிடமும் 'துர்' என்பாள். துர் என்றாலும் நில்தான். ஆனால் எழுந்திரு என்பதற்கும் துர்தான். இந்த மரியாதையைக் கண்டுபிடித்த மகராசன் ஒரு நாளாவது ஓடுகிற எந்திரத்தின் பக்கத்தில் நின்றிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் கிழவர் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். சுழலும் ஷாஃப்டை ஒட்டிக் குனிந்து, எந்திரத்தின் பற்களில் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினார். பார்த்த புருல்சா பதறிப்போனாள். அந்தப் பதற்றத்திலும் மரியாதை குறையவில்லை.

"மாமா, துருங்குஸ்!"

நில்லுங்கள் என்றுதான் அவள் சொன்னாள். கிழவர் எழுந்தார். அங்கியின் ஓரத்தை ஷாஃப்ட் பிடித்துக்கொண்டது.

அப்போது ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததாக ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். புருஷனிடமும் அதையேதான் சொன்னாள்.

இன்று அந்தப் புருஷன், எர்மெக், அதே திருப்பத்தில் வண்டியை நிறுத்தினான். ஈரப்புல் பற்களில் சுற்றி இறுகியிருந்தது. எஞ்சின் ஓட ஓடவே குதித்து இறங்கினான்.

"என்னங்க, அணைச்சுட்டு எறங்குங்க!"

"அணைச்சா மறுபடி கிளப்ப உங்கப்பனா வந்து தள்ளுவான்? பேட்டரி செத்துக் கெடக்கு."

"ஷாஃப்டுக்கு வாங்குன மூடியையாவது மாட்டியிருக்கலாம்ல? கொட்டாயில பிரிக்காமலே கெடக்கு."

"நாளைக்கு மாட்டிக்கலாம்டி. ரெண்டு நிமிஷ வேலை. நீ போய் மாக்சிம் கூழ் ஊத்தி வை, தொண்டை வறளுது."

அவன் குனிந்தான். அப்பன் குனிந்த அதே இடம், அதே மாதிரி இடது கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு.

புருல்சாவின் கையிலிருந்து புல் வாரும் வாரி நழுவியது. துளிக் காற்று இல்லை. ஆனாலும் அவனுடைய சட்டையின் ஓரம், யாரோ விரலால் தள்ளுவதுபோல, மெல்ல மெல்ல ஷாஃப்டை நோக்கி நகர்ந்தது. அவனுக்குப் பின்னால் ஈரப்புல், ஆள் உட்கார்ந்தாற்போல் ஒரு பக்கம் அமுங்கியது.

துர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். எழுந்தால் போச்சு. பதினோரு வருடமாகப் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்தாள்.

"தொக்தோ!"

எர்மெக் குனிந்தபடியே அசையாமல் நின்றான். யாரும் தொடாமலே எஞ்சின் அணைந்தது. ஷாஃப்ட் இன்னும் சில சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. வயலில் வெட்டுக்கிளிச் சத்தம்கூட இல்லை.

அமுங்கிய புல்லிலிருந்து ஒரு செருமல் கேட்டது. மருமகள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தால் வாசலில் நின்று கிழவர் செருமுவாரே, அதே செருமல்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, மருமகளே."

எர்மெக் அப்படியே பின்னால் நகர்ந்து புல்லில் உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தான், அங்கே யாரும் இல்லை. அவன் ஊன்றிய கைக்கு அடியில் புல் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

பிறகு அவளைப் பார்த்தான்.

"அன்னைக்கி அப்பாகிட்ட நீ என்ன சொன்ன?"