பதினோராவது நிமிடம்

கம்ப்யூட்டர் மறுபடியும் பொட்டென்று அணைந்தது. அவள் திரையைப் பார்ப்பதற்கு முன் படுக்கையறைக் கதவைத்தான் திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. நல்லவேளை, அவர் எழுந்திருக்கவில்லை.

உள்ளே படுத்திருந்தவர் அவள் புருஷன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபத்திரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்தியே பிழைத்த மனுஷன். பாழாய்ப்போன கட்டி அந்தத் தொண்டையிலேயே வந்து உட்கார்ந்தது. ஒன்பது நாளைக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி சொந்த வாயால் பேச்சு வராது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கூடவே ஒரு வழியும் சொன்னார். ஆயிரத்தறுநூறு வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய்து வைத்தால், ஒரு மென்பொருள் அதை வைத்து அவர் குரலைச் செய்து தரும். அப்புறம் அவர் எதைத் தட்டச்சு செய்தாலும் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே சொல்லும். மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு படித்துத் தள்ளினார். அத்தனையும் இந்த ஒரு பெட்டிக்குள்தான் கிடந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்க ஆஸ்பத்திரி அவசரத்தில் யாருக்குத் தோன்றியது?

மென்பொருளை ஓடவிட்ட முதல் நாள் பதினோராவது நிமிடத்தில் பெட்டி அணைந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி போட்டாள், ஏழு நிமிடம். அடுத்த தடவை நாலு. பென் டிரைவைச் சொருகிப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு பொத்தானைத் தொடவே பயம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். மயிரிழை பிசகாத கை. அந்தக் கை பொத்தான் வரை போய்ப் போய்த் திரும்பி வந்தது.

அவரிடம் மூச்சுவிடவில்லை. "இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு மெஷினே சொல்லுதுங்க" என்று கூசாமல் பொய் சொன்னாள். தையல் பிரிக்காத கழுத்தோடு படுத்திருக்கிறவரிடம், உங்கள் குரல் போய்விடும் போலிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவர் தலையாட்டுவார். அவர் நம்ப நம்ப அவளுக்கு அடுத்த பொய் இன்னும் கஷ்டமானது.

ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பிக்கு நாற்பது வயது. பிரிண்டர் விற்கிற கடையில் வேலை. அதனால் கம்ப்யூட்டரும் தனக்கு அத்துப்படி என்று அவனுக்கு ஒரு எண்ணம். வந்ததும் பெட்டியைத் திறந்து தூசி ஊதினான். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினான். புது பவர் கேபிள் போட்டான். மூடிவிட்டு ஓடவிட்டால், பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி ஆசை காட்டிவிட்டுப் பழையபடி பொட்.

"மெதுவாடா, மாமாவுக்குக் கேக்கப் போவுது."

"வைரஸ்தான்க்கா. சந்தேகமே இல்ல. ஃபார்மட் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்."

"அய்யய்யோ, அழிஞ்சிடாதா?"

"சி டிரைவ் மட்டும்தான் அழியும். டி டிரைவ்ல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆவாது. மாமா பதிவை எங்க வெச்சிருக்கார்?"

அவளுக்கு எங்கே தெரியும்? ஆனால் ஸ்பானரைக்கூட அளவு பார்த்து அடுக்கி வைக்கிற மனுஷன். "டிலதான் இருக்கும். அவர் எதையும் ஒழுங்கா வைக்கிறவர்" என்றாள். எழுந்துபோய் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஐந்து நாள் பொய்யும் அம்பலமாகிவிடுமே என்று கால் நகரவில்லை.

தம்பி ஏதேதோ அழுத்தினான். எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. மவுஸ் அம்பை 'சரி'க்கு மேல் கொண்டுபோய் நிறுத்தி அக்காவைப் பார்த்தான். "அழுத்தட்டுமா?"

கதவு படாரென்று திறந்தது. அவர்தான். திரையைப் பார்த்தார், முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வாய் திறந்தது, மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த துளையில் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. இரண்டே எட்டில் வந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

எழுதிக் காட்டுவதற்காக இடுப்பில் செருகியிருந்த சிலேட்டை எடுத்து அவர் கிறுக்கினார்: 'அழிச்சிட்டீங்களா?'

"இல்ல மாமா! இன்னும் அழுத்தல. டி டிரைவ்ல இருக்கிறது எப்படியும்..."

அவர் துடைத்துவிட்டு எழுதினார்: 'டில இல்ல. முகப்புத் திரைல இருக்கு. அது சி டிரைவ்.'

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்னும் ஒரு சொடக்குப் போடுகிற நேரம்தான். அவள் வாயாலேயே 'அழுத்துடா' என்று சொல்லியிருப்பாள்.

'எத்தனை நாளா இப்படி?'

"அஞ்சு நாளா அணைஞ்சு அணைஞ்சு போவுதுங்க. மொதல்ல பதினோரு நிமிஷம், அப்புறம் ஏழு, அப்புறம் நாலு..."

அவர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். "குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்!" என்று அவள் பதறியதைக் காதில் வாங்காமல் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினார். உள்ளே ஓரமாக, மடித்து டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு ஒயரைப் பிரித்து அதன் இடத்தில் மாட்டினார். பிறகு சிலேட்டில் எழுதினார்: 'விசிறி சத்தம் பதிவுல விழுந்துது. அதான் கழட்டி வெச்சேன். கடைசி நாள் மாட்ட மறந்துட்டேன்.'

"அட, நான் அதை எக்ஸ்ட்ரா ஒயர்னுல்ல நெனச்சேன்! அவ்ளோ அழகா ஒட்டியிருந்துச்சு!" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். விசிறி இல்லாத பெட்டி சூடேறி, வெந்துபோகாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. மருந்து தெரிந்த ஆளைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துவிட்டு ஐந்து நாள் செத்துப் பிழைத்திருக்கிறாள்.

பெட்டியைப் போட்டார்கள். விசிறி உர்ரென்று சுழன்றது. முதல் காரியமாகப் பதிவுகளை பென் டிரைவில் எடுத்தாள். ஆயிரத்தறுநூறும் இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். அப்புறம் மென்பொருளை ஓடவிட்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது நிமிடம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினொன்று கடந்தது. பன்னிரண்டும் கடந்தது.

மறுநாள் மத்தியானம் குரல் தயாரானது. தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினார்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

அவர் குரலேதான். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பயமா இருந்துச்சுங்க. உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்களோன்னு."

அவர் மறுபடி தட்டினார். இந்தத் தடவை விரல் தடுமாறித் தடுமாறி எழுத்தைத் தேடியது; இரண்டு தடவை அழித்து எழுதினார். குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீயும் பேசாம இருந்தா நான் என்னடி பண்ணுவேன்?"