கேபிள் வழியே வந்த அடி

ராஜசேகரன் தன் மனைவி செல்லத்தின் கன்னத்தில் அறைந்தபோது, நான்கு வீடு தள்ளி ரொட்டி சானாய்க்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நாசரின் கீழ்ப்பல் ஒன்று கழன்று மாவுக்குள் விழுந்தது. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு லோஷினியின் கன்னத்தில் ஐந்து விரல்கள் பதிந்தன. மூலைவீட்டு மிஸ்டர் லிம்முக்கு மூக்கில் இரத்தம் கொட்டியது. ஆசிரியை சிக்கு ரொஸ்மா கையில் இருந்த தேநீரோடு நாற்காலியிலிருந்து சரிந்தார். அடி வாங்கிய செல்லத்துக்குக் கன்னத்தில் லேசான சூடு மட்டும் தெரிந்தது. கல்யாணமான ஒன்பது வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. கணவருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் துணி காயப்போடப் போனாள்.

ஜொகூரில், தெப்ராவை அடுத்த தாமான் மெலூர் என்ற குடியிருப்பின் கடைசித் தெருவில் ஒரே கூரைக்குக் கீழே சுவரோடு சுவர் ஒட்டிப் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. அங்கே இடி மற்ற இடங்களைவிட அதிகமாக இறங்கும். மழைக்காலம் வந்தால் யார் வீட்டு மோடமாவது கருகிவிடும். லோஷினியின் கணவர் மதிவாணன் ஒரு டேட்டா சென்டரில் கேபிள் இழுக்கும் வேலையில் இருந்தார். அங்கே கழித்துவிட்ட கணினி ஒன்றை வாங்கி வந்து தன் வீட்டுச் சாமான் அறையில் சர்வராக நிறுத்தினார். வெள்ளம் வந்தாலும் எட்டாதபடி இடுப்புயரத்துக்கு இரும்புத்தட்டு அடித்தார். சமையலறையில் வைத்தால் பல்லி சூட்டுக்கு உள்ளே புகுந்து முட்டையிடும் என்று அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. இடி தாங்கும் பிளக், மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரி, ஒன்று கெட்டால் இன்னொன்று நிற்கும்படி இரண்டு ஹார்ட் டிஸ்க் என்று எல்லாம் முறையாகச் செய்தார். குடும்பப் படங்கள், படிப்பு, சினிமா, வாசல் கேமராவின் பதிவு எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் ஆசைப்பட்டார்கள். மதிவாணன் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய் ஓட்டி, மின்கம்பிக்கு ஒரு முழம் தள்ளி, பன்னிரண்டு வீட்டுக்கும் கேபிள் இழுத்துக் கொடுத்தார். வைஃபை ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் களைத்துப்போகும், கேபிள் களைக்காது என்பது அவர் கட்சி. வேலை முடிந்த மாலையில் அந்த வருடத்தின் பெரிய இடி இறங்கியது. ஒரு மோடம்கூடக் கருகவில்லை. தெருவே அவரைப் பாராட்டியது. நாசரின் பல் விழுந்தது அதற்கு அடுத்த வாரம்.

முதலில் யாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நாசர் தன் பல் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது என்றார். மிஸ்டர் லிம் இரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார். ஆனால் அடிகள் வந்துகொண்டே இருந்தன. சாயங்காலம் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் பன்னிரண்டு வீட்டிலும் சேர்ந்து ஒரு முனகல் எழும். எல்லாரும் ஒரே பக்கத்து விலாவைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் மதிவாணன்தான் தொழில்முறைப்படி இறங்கினார். இணைப்பில் கோளாறு என்றால் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் படித்தது. பிடுங்கிக்கொண்டே வந்தார். ராஜசேகரன் இருந்த ஏழாம் எண் வீட்டின் கேபிளைப் பிடுங்கியதும் தெருவில் வலி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம் அலறினாள். சொருகினார். அலறல் நின்று, அவர் முதுகில் பெல்ட் அடி விழுந்தது. ஒரு பெண்ணுக்கு விழ வேண்டியது தெரு முழுக்கப் பங்காகிறது என்றும், அடிப்பவனுக்கு மட்டும் பங்கு வருவதில்லை என்றும் அன்று தெரிந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. டேட்டா சென்டரில் இருந்த பொறியாளர் ஒருவர் கேபிளின் உறையைக் குறை சொன்னார்.

ராஜசேகரன் பாசிர் கூடாங்கில் இரும்பு வேலைப் பட்டறை ஒன்றின் ஃபோர்மேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார். யார் வீட்டு கேட் உடைந்தாலும் வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். தெருவில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். அதனால்தான் நாசரும் மதிவாணனும் பேசிப் பார்க்கலாம் என்று போனார்கள்.

"என் வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு உங்களுக்கு என்ன லா வேலை?" என்றார் ராஜசேகரன்.

"உங்க வீட்டுக்குள்ள நடக்கிறது எங்க வாயில வந்து விழுதே," என்று நாசர் பல் போன இடத்தைத் திறந்து காட்டினார்.

ராஜசேகரன் சிரித்தார். அந்தச் சிரிப்பு தாங்காமல் நாசர் அவர் முகத்தில் ஒரு குத்து விட்டார். ராஜசேகரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குத்திய நாசருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற மதிவாணன் வாயைப் பொத்திக்கொண்டார். நான்கு வீடு தள்ளி நாசரின் மனைவி ரசியாவின் உதடு கிழிந்து தொங்கியது. அவரும் அதே கேபிளில்தானே இருக்கிறார். நாசர் வீட்டுக்கு ஓடி, மனைவியின் முகத்தைப் பார்த்து, தன் கையையே பார்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ராஜசேகரனை அடிப்பது பற்றி யாரும் பேசவில்லை.

வேறு வழி தெரியாமல் கேபிளைப் பிடுங்கிவிடுவது என்று முடிவானது. லோஷினி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நமக்கு வலிச்சப்புறம்தான் நமக்கு காதே கேட்டுச்சு. ஒம்பது வருஷமா என்ன செஞ்சோம்? டிவி சத்தத்த கூட்டி வச்சோம்," என்றாள். மதிவாணன் ஏழாம் எண் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அந்த வாரம் தெருவில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பங்காகிக்கொண்டிருந்த அடிகள் எல்லாம் செல்லத்தின் மேல் முழுசாக விழுந்தன. ராஜசேகரன் ஜன்னல் திரைக்கம்பியைக் கழற்றி அடித்ததில் அவள் இடது முன்கை இரண்டாக முறிந்தது. இடது காதிலிருந்து இரத்தம் வந்து, கேட்கும் திறன் போனது. சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் லோஷினி வேலி தாண்டிப் போனாள். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் செல்லம் மடங்கிக் கிடந்தாள். ஒரு பல் அவள் உள்ளங்கையில் இருந்தது. அதை விடாமல் பிடித்திருந்தாள்.

ரசியா ஆஸ்பத்திரியிலேயே கூட இருந்தார். போலீசில் புகாரும் எழுத வைத்தார். ராஜசேகரனைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு ஆணையை அவர் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். செல்லத்துக்கு லாயாங் லாயாங் ஊரில் இருந்த அப்பா அம்மா எப்போதோ இறந்துவிட்டார்கள். ரசியா தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். செல்லம் ஒரே வார்த்தையில் மறுத்தாள்.

"வீடு என் பேர்ல இருக்கு அக்கா. நான் ஏன் போகணும்?"

அதன் பிறகு ரசியா, தையல் போட்ட உதட்டோடு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். ஏழாம் எண்ணை மறுபடி சொருகப் போகிறோம், வேண்டாம் என்பவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம் என்றார். இரண்டு வீட்டார் கழன்றுகொண்டார்கள். சிக்கு ரொஸ்மா மட்டும் தான் வீட்டில் நடத்தும் வகுப்பு நேரத்தில் அடி வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் சரி என்றார். மதிவாணன் ஆணியிலிருந்து கேபிளை எடுத்துச் சொருகினார். மற்ற ஒன்பது வீடும் செல்லத்தின் அடிகளைப் பல மாதம் சுமந்தன. மருந்துக்கடையில் வலி மாத்திரை தீர்ந்துபோவது வழக்கமானது. மிஸ்டர் லிம் மாலை ஆனதும் பல்செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு உட்காருவார். ரசியாவுக்கு விலா எலும்பில் கீறல் விழுந்தது. அன்றைக்குத்தான் செல்லம், கட்டுப் பிரித்த கையோடு, மதிவாணன் வீட்டுச் சாமான் அறைக்கு வந்தாள். சர்வரின் பச்சை விளக்குகளைக் காட்டிக் கேட்டாள்.

"அண்ணே, ஒரு வீட்டுக்கு வர்றத இன்னொரு இடத்துக்குத் திருப்பி விடலாம்னு சொன்னீங்களே. கேமரா படத்தயெல்லாம் அப்படித்தானே செய்றீங்க?"

"ஆமா."

"எனக்கு வர்றத அவருக்குத் திருப்பி விடுங்க. அவருக்கு மட்டும்."

மதிவாணனுக்கு அது செய்யத் தெரியும். விருந்தாளிகளுக்கு என்று தனி நெட்வொர்க் வைப்பதுபோல அவர்கள் இருவரையும் மட்டும் தெருவிலிருந்து பிரித்து, அவளிடமிருந்து கிளம்பும் எதுவானாலும் ராஜசேகரனிடமே போய்ச் சேரட்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவர் விசைப்பலகையை முன்னால் இழுத்தார்.

"செத்துப்போயிட்டார்னா?" என்று கேட்டார்.

"அடிச்சாதானே அண்ணே," என்றாள் செல்லம்.

அந்த வருடம் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியிருந்தது. ஆனாலும் பழக்கம் போகாமல் பலர் வெள்ளிக்கிழமையே களைத்துப்போனார்கள். அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு மத்தியானம். ராஜசேகரன் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் ஏதோ சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து செல்லத்தை அறைந்தார். அவர் தலையே பக்கவாட்டில் திரும்பியது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவள் திருப்பி அடித்துவிட்டாள் என்றே நினைத்தார். செல்லம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குத்தினார், தன் மூக்கு உடைந்து சட்டையில் இரத்தம் இறங்கியது. "நிறுத்துங்க. உங்களுக்குத்தான் விழுது," என்று அவள் சொன்னாள். அவர் வயிற்றில் உதைத்தார். தானே மடங்கி விழுந்து, வாந்தி எடுத்து, மேசையைப் பிடித்து எழுந்தார். எந்த அடியோடு வேண்டுமானாலும் அவர் நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு அடியும் அவருக்கு வலித்தது. வலிக்க வலிக்க அவள் மேல்தான் கோபம் ஏறியது.

வெளியே தெரு முழுக்க கேட் பக்கம் நின்றது. கேபிள் சொருகியிருந்தும் யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அடி வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று நாசர் பிறகு சொன்னார். மதிவாணன் சாமான் அறையில் ஏழாம் எண் கேபிளின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு நின்றார். இழுத்தால் ராஜசேகரன் பிழைப்பார், அடுத்த அடி செல்லத்தின் மேல் முழுசாக விழும். "இழுக்கவா, விடவான்னு தெரியலயே," என்று உளறினார். லோஷினி அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைக் கேபிளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

ராஜசேகரன் கடைசியில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்புக் குழாயை எடுத்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. நிற்கவே முடியவில்லை. "நிறுத்துங்க," என்றாள் செல்லம் மறுபடி. அப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் குழாயைத் தூக்கி அவள் உச்சந்தலையில் இறக்கினார். அவள் தலைமுடி கொஞ்சம் கலைந்தது. அவர் மண்டை பிளந்து, அவள் காலடியில் விழுந்தார்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், காயங்கள் எல்லாம் இறந்தவருடைய கைகால்களாலேயே, அவருடைய மோதிரத்தாலேயே, அவர் பிடித்த குழாயாலேயே ஏற்பட்டவை என்ற மருத்துவ அறிக்கையைப் படித்தார். செல்லத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்த கேமராவின் பதிவைக் கேட்டு வாங்கி, மதிவாணன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். தனக்குத்தானே விளைவித்துக்கொண்ட காயங்கள் என்று எழுதினார். போகும்போது, தன் தாமானுக்கும் இப்படிக் கேபிள் இழுக்க முடியுமா என்று மதிவாணனைக் கேட்டார். மதிவாணன் சர்வரில் எழுதிய அந்த வரியை அன்றே அழித்தார். பல வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செல்லம் காரியங்கள் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள், அழுதாள், பிறகு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். தனி நெட்வொர்க்கிலிருந்து வெளியே வந்து மறுபடி தெருவோடு சேர்ந்துகொண்டாள். கழன்றுபோன இரண்டு வீட்டாரும், சுற்றி வளைத்துப் பேசி, திரும்பி வந்தார்கள்.

அதன் பிறகு அவள் மதிவாணனிடம் தொழிலைக் கற்றுக்கொண்டாள். இப்போது கெலாங் பாத்தா வரைக்கும் போய் வீடுகளுக்குக் கேபிள் இழுக்கிறாள். ஏணியில் நின்றபடியே, கேட்கும் காதை வீட்டுக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்கிறாள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாத்துங்க. முக்கியமானத மூணு இடத்துல வைங்க, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய இருக்கட்டும். தெரியாத வாசல எல்லாம் தொறந்து போடாதீங்க. யாரோட ஒரே கேபிள்ல இருக்கப் போறீங்கன்னு யோசிச்சு சொல்லுங்க, அப்புறம் ஆணி அடிக்கிறேன்.

லோஷினிக்கு மறு வருடம் குழந்தை பிறந்தது. வெளியூரில் இருந்தாலும் வீட்டு சர்வருக்குள் பத்திரமாக வந்துபோக மதிவாணன் அவள் ஃபோனில் ஒரு ரகசியப் பாதை போட்டுக் கொடுத்திருந்தார். பிரசவ அறைக்குள் போகும் முன் தாதி ஃபோனை அணைக்கச் சொன்னாள். "இருக்கட்டும். ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கட்டும்," என்று லோஷினி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். காலை பத்து மணிவாக்கில் பன்னிரண்டு வீட்டிலும் ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார்கள். நாசர் அல்லாவைக் கூப்பிட்டார். மிஸ்டர் லிம் தன் செத்துப்போன அம்மாவிடம் ஹொக்கியன் மொழியில் மன்னிப்புக் கேட்டார். செல்லத்துக்கும் பங்கு வந்தது. அவள் சுவரில் கையை ஊன்றி, மூச்சை இழுத்து விட்டு, பெரிய பானையில் மைலோ கலக்கினாள். நின்றுகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.