தள்ளிக் கரையேற்ற வேண்டிய கார்

அந்தக் காருக்கு மூக்கு முழங்காலில் இருந்தது. அப்படிச் செய்து வைத்தவன் கனடாவுக்குப் போய்விட்டான்.

லிங்கநகர் ஆனந்தராசாவின் மகனுக்குக் கார்ப் பந்தயப் புத்தகங்கள் பார்க்கும் வியாதி. பழைய லான்சர் ஒன்றை வாங்கி, எஞ்சினுக்கு மேலே கம்பனிக்காரன் பொருத்தியிருந்த காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்தான். அதற்குப் பதிலாக ஒரு அலுமினியக் குழாயை ரேடியேற்றருக்குப் பக்கத்தால் இறக்கி, முன் பம்பருக்குப் பின்னால் கொண்டுவந்து, நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்ரரை மாட்டினான். எஞ்சின் சூடு படாத காற்று கீழேதான் கிடைக்கும். குளிர்ந்த காற்றைக் குடித்தால் எஞ்சின் கூடுதலாக இழுக்கும். கணக்கு சரி, ஊர்தான் பிழை. அரை மைலுக்கு ஒரு ஆமிச் சென்றி. ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி நடக்க வேண்டும். வேகமாகப் போனால் சுடுவார்கள். அந்த ஊரில் அவனுக்குப் பந்தயக் கார் தேவைப்பட்டது.

பிறகு அவனுக்கு விசா வந்தது. ஆனந்தராசா என் அக்காவின் வெறும் வளவுக் காணி ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு காரைத் தந்தார். "தங்கமான கார், பிள்ளை" என்றார். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்காவின் பெயர் அன்னலட்சுமி. அத்தான் தவராசா துறைமுகத்தில் வேலை செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆமியின் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், வரவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். கார் வாடகைக்கு ஓடினால் அந்த வீட்டில் அடுப்பு எரியும், நின்றால் எரியாது. இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை. ஓட்டியது நான். இரவில் ஐஸ் பக்டரி, பகலில் கார். தொழில்நுட்பக் கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது.

எஞ்சின் காற்றை நசுக்கும். தண்ணீர் நசுங்காது. குழாயின் வாய் வெள்ளத்தில் மூழ்கினால் ஓடுகிற எஞ்சின் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மேலே வருகிற பிஸ்டனுக்குப் போக இடம் இருக்காது. அதைத் தாங்கும் தண்டு வளையும். பிறகு அதைப் பழைய இரும்புக்காரனுக்குத்தான் கொடுக்கலாம். கழற்றி எறிந்த பெட்டியைப் போல ஒன்றைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் எஞ்சினை மூடும் பொனற்றுக்குக் கீழே குழாயை அறுத்து, ரப்பர் போட்டு, ஒரு கிளிப்பால் இறுக்கினேன். தெருவில் வெள்ளம் என்றால் பொனற்றைத் திறந்து, கிளிப்பைத் தளர்த்தி, கீழ்த்துண்டைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் மேலேயிருந்து மூச்சு விடும். ஃபில்ரர் கீழ்த்துண்டோடு போய்விடுவதால் புழுதியும் உள்ளே போகும். ஆகவே வெள்ளம் தாண்டும்வரைக்கும்தான் அது. மழைச் சாரலுக்கு ஒரு பிளாஸ்டிக் கலனைப் பாதியாக வெட்டி ஃபில்ரருக்குக் கவசமாகக் கட்டியிருந்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். வேலை செய்தது.

இவ்வளவு செய்தும் பாதையில் அது உதவாது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு இல்லை. வாகனங்களை ஏற்றிக் கரை மாற்றுகிற தட்டைப் படகு. கிண்ணியாவுக்குப் போக அதில்தான் ஏற வேண்டும். மாரியில் மறுகரையில் பாதை முழுதாகக் கரை தட்டாது. இறங்குகிற பலகை தண்ணீருக்குள் முடியும். பலகையை விட்டு இறங்கியதும் பம்பர் மறையும். இக்கரையில் ஏறும்போது சென்றிக்காரன் பொனற்றைத் திறந்து பார்ப்பான். பார்த்து மூடியபின் அக்கரை போகும்வரை திறக்கக்கூடாது. திறந்தால் குண்டு வைக்கிறாய் என்பான். முன்கூட்டியே கழற்றிக்கொண்டு வந்தால், கழன்று கிடக்கிற குழாயைக் கண்டு காரையே ஏற்றவிடமாட்டான்.

அதற்குப் பாதைக்காரர்களிடம் ஒரு வழி இருந்தது. தரையோடு பதிந்த கார்கள் எல்லாவற்றையும் எஞ்சினை நிறுத்தித்தான் இறக்குவார்கள். அவர்களில் மூத்தவரான அபூதாஹிர் காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்குவார். "மோட்டர நிப்பாட்டு மகன். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறம்" என்பார். அவருடைய ஆட்கள் பின்னால் நின்று தள்ளுவார்கள். பயணிகளும் இறங்கிக் கை கொடுப்பார்கள். கரையேறி, தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பினால் போதும். அந்த வழியால்தான் எங்கள் கார் இரண்டு மாரி தப்பியது.

இரண்டாயிரமாம் ஆண்டு மார்கழியில் சோமசேகரம் என்ற அதிகாரி கிண்ணியாவுக்குக் கூட்டங்களுக்குப் போக எங்கள் காரைப் பிடித்துக்கொண்டார். திணைக்களம் ஒன்றில் உதவிப் பணிப்பாளர். வெள்ளை நீளக்காற்சட்டை, தினமும் பளபளக்கும் சப்பாத்து. காரில் ஏறியதும் என் படிப்பைப் பற்றிக் கதைப்பார்.

"ஏன் தம்பி கோர்ஸை விட்டனீர்?"

"ஏலாமல் போச்சு, சேர்."

"ஏலாது எண்டு ஒண்டும் இல்லை. மனம் இருக்க வேணும்."

மனத்தைப் பற்றி அவர் கிண்ணியாவரை பேசுவார். இரவு முழுக்க ஐஸ் கட்டி இழுத்த கைகளால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன். பாதையில் மற்றவர்கள் கார் தள்ள இறங்கும்போதும் அவர் இறங்கமாட்டார். அவர் பாரத்தையும் சேர்த்தே தள்ளுவோம்.

ஒருநாள் அக்கரையை நெருங்கியபோது பலகைக்கு நேரே மூன்று ஆமிக்காரர் நின்றார்கள். வழக்கமாக அவர்கள் மேலே மண்மூட்டைக் காவலரணில் இருப்பார்கள். அதில் ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது.

"எல்லாரும் இறங்கி நடக்க. வாகனத்தில டிரைவர் மட்டும். ஸ்டார்ட் பண்ணி வர. தள்ள வேணாம். ஆள் ஒருத்தரும் வாகனத்துக்குக் கிட்ட வேணாம்."

எங்கள் கார்தான் முன்னால் நின்றது. நான் இறங்கிப் பலகையின் நுனிக்குப் போனேன். அபூதாஹிர் காக்கா ஏற்கெனவே இடுப்புவரை நனைந்து நின்று அவனிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, இது பதிஞ்ச கார். ஓடினாத் தண்ணி குடிச்சிரும். நாங்க தினமும் தள்ளித்தான் ஏத்துற."

"இண்டைக்கி இல்ல. புது ஓடர். நிண்ட வாகனம், தள்ளுற வாகனம் வேணாம்."

"அப்ப பொனற்றைத் திறக்க விடுங்கோ" என்றேன் நான். "ஒரு கிளிப்தான். கழற்றிவிட்டு ஓட்டுறன்."

"பொனற் திறக்க வேணாம்."

"திறக்கவும் ஏலாது, தள்ளவும் ஏலாது எண்டால் எப்படி?"

"ஓட்டு" என்றான். அவனுக்கு அது ஒரு சொல். அதில் ஒரு வீட்டின் அடுப்பு இருக்கிறது என்று அவனுக்கு எந்த மொழியில் சொன்னாலும் விளங்கப்போவதில்லை.

"ஓட்டமாட்டன்" என்றேன். "உங்கட பெரியவரைக் கூப்பிடுங்கோ. அவர் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் கார் இதில நிக்கும்."

அவன் துவக்கை எடுத்து நீட்டவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சலித்துக்கொண்டு பின்னால் திரும்பி, ரேடியோவில் யாரையோ கூப்பிடத் தொடங்கினான். பெரியவர் வந்திருப்பார். வந்து என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிவது அதற்காகத்தான். ஆமிக்காரன்கூடக் காத்திருக்கத் தயாராக இருந்தான்.

எங்களுடைய சனம் தயாராக இல்லை.

"தம்பி, உன்ர வீரத்தை நாளைக்குக் காட்டு. மீனுக்குப் போடுற ஐஸ் கரையுது" என்று ஒரு மீன் வியாபாரி கத்தினார். அந்த ஐஸை இழுத்துப் போட்டவனே நான்தான்.

"ஒரு காருக்காக இவ்வளவு சனமும் காத்துக் கிடக்கிறதோ?"

"அவங்களோட வாய் காட்டி எங்களையும் மாட்டி விடப்போறான்."

"ஏங்கா, வாயப் பொத்துங்க!" என்று அபூதாஹிர் காக்கா தண்ணீருக்குள் நின்றே அவர்களைப் பார்த்துக் கத்தினார். "உங்கட மோட்டச் சைக்கிளத் தலையில தூக்கி ஏத்தின நேரமெல்லாம் நாங்க ஐஸ் கரையுதெண்டு சொன்னமா? புள்ளட பொழப்பு அது!"

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் சோமசேகரத்தைப் பார்த்தேன். பயணிகள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் காரை விட்டு இறங்கி, பலகையின் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, டிரைவர் மட்டும் காருக்குள் இருக்கலாம் என்ற அந்த ஓடரை அவர் வடிவாக யோசித்திருக்க வேண்டும். சுற்றிப் போய் டிரைவர் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். சாவி அதிலேயே இருந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன்.

"சேர்! வேண்டாம்! நிப்பாட்டுங்கோ!"

"விலகும் காணும்!" என்று ஜன்னலுக்குள்ளால் கத்தினார். "கோர்ஸை விட்ட நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ? வேகமா விட்டால் ஏறும்!"

நான் விலகாவிட்டால் என்மேல் ஏற்றியிருப்பார். கார் பலகையால் சரிந்து இறங்கியது. பம்பர் மறைந்தது. எஞ்சின் ஒரு முறை உறுமியது. பிறகு உள்ளே யாரோ சுத்தியலால் அடித்ததுபோல ஒரு அடி. ஒரே ஒரு அடி. அதன் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாவியைத் தொடாதேங்கோ!" நான் தண்ணீரில் குதித்தேன். கதவைப் பிடிப்பதற்குள் அவர் திருப்பினார். உறுமல் இல்லை, ஒரு முனகல். மறுபடி திருப்பினார். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்க விரும்பவில்லை. மூன்றாம் முறை நான் கையை உள்ளே விட்டுச் சாவியைப் பிடுங்கினேன்.

"பற்றரி இறங்கிட்டுப் போல" என்றார்.

இப்போது துறையை அடைத்துக்கொண்டு ஒரு கார் நடுத்தண்ணீரில் நின்றது. ஆமிக்காரன் ரேடியோவை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"தள்ளு! எல்லாரும் வாங்க, தள்ளு!"

அவனும் துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு வந்து டிக்கியில் கை வைத்தான். மீன்காரர் வந்தார். வாய் பேசியவர்கள் எல்லோரும் வந்தார்கள். யாரும் வாகனத்துக்குக் கிட்டப் போகக்கூடாது என்ற ஓடர் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. உயிரோடிருந்தபோது தொட விடாததைச் செத்தபிறகு ஊரே கூடித் தூக்கியது. சோமசேகரம் மட்டும் உள்ளே இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கரையில் கதவைத் திறந்து காய்ந்த மண்ணில் இறங்கினார். சப்பாத்து நனையவில்லை.

"முதலே எஞ்சின்ல ஏதோ பிழை இருந்திருக்கு" என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். "இல்லாட்டி இப்படி நிக்காது." பிறகு யாருடையதோ மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக் கூட்டத்துக்குப் போனார்.

நான் பிளக்குகளைக் கழற்றினேன். தண்ணீர் பீறியது. கையால் சுற்றிப் பார்த்தேன். பாதிச் சுற்றில் இரும்பில் இரும்பு முட்டி நின்றது. எஞ்சினின் பக்கவாட்டில் விரல் போகுமளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஒயில் வடிந்து உப்புத் தண்ணீரோடு கலந்து மண்ணில் ஓடியது. அபூதாஹிர் காக்கா குனிந்து பார்த்தார். ஒரு ட்ரக்டரைப் பிடித்துக் காரைத் திரும்பவும் பாதையில் ஏற்றி, அவரே கூட வந்து இக்கரையில் இறக்கித் தந்துவிட்டுப் போனார்.

பின்னேரம் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதற்குப் பதிலாகக் காரின் கூரையைத் தட்டிக்கொடுத்தான். இந்த எஞ்சின் முடிந்தது, வேறு எஞ்சின் தேடுவதென்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றான். அதற்குக் காசுக்கு எங்கே போவது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பொழுது படும்போது சோமசேகரம் குடையோடு வந்தார். அக்கா கதிரையைப் போட்டு, பெரிய பிள்ளையிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

"பிள்ளை, நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே" என்று தொடங்கினார். "என்னில பிழை இல்லை. ஆமி ஓடர். ஓட்டச் சொன்னவங்கள். நாங்கள் என்ன செய்யிறது? துவக்கோட நிக்கிறாங்கள்."

"ஓட்டச் சொன்னது தம்பியைத்தானே" என்றாள் அக்கா.

"ஓம், தம்பியைத்தான், ஆனா..."

"தம்பி ஓட்டமாட்டன் எண்டு சொல்லிட்டான். அதுக்கு அவங்கள் ஒண்டும் செய்யேல்லை. உங்களை ஆர் ஓட்டச் சொன்னது?"

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. முகாம் வாசல்களில் அத்தானைப் பற்றிக் கேட்டு நின்ற காலத்திலும் இப்படித்தான் கேட்டாள்.

"ஒருத்தரும் பொறுமையா இருக்கேல்லை, பிள்ளை. சனம் சத்தம் போட்டது. எனக்குக் கூட்டத்துக்கு நேரம். பொதுக் காரியம்..."

"நாளைக்கும் கூட்டம் இருக்கோ, ஐயா?"

"ஓம், இந்தக் கிழமை முழுக்க." அக்கா வேறு கதைக்குப் போய்விட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் இளகியது. "நீங்கள் அதுக்குக் கவலைப்படாதேங்கோ. கந்தோரில அரசாங்க டபுள் கெப் வாகனம் ஒண்டு நிக்குது. நல்ல உயரம், தண்ணி ஒண்டும் செய்யாது. உப்புத் தண்ணியில இறக்கிப் பழுதாக்கக் கூடாதெண்டுதான் இவ்வளவு நாளும் அதை வெளியில எடுக்காமல்..."

பாதியில் நிறுத்தி, கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் நிலையை விட்டு ஓரடி எடுத்து வைத்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து, அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினாள். பாதிதான் குடித்திருந்தார். அவர் விரல்கள் கோப்பையின் காதைப் பிடித்தபடி ஒரு கணம் விடாமல் இருந்தன, பிறகு விட்டன.

அக்கா அதைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கோப்பையைக் கழுவத் தொடங்கினாள்.