மாடியில் அக்காவுக்கு ஓர் அறை

1

இந்தக் கதை என் பல்லில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முன்பல் உடைந்து பொய்ப்பல் கட்டப் போயிருந்தேன். நிறம் பார்க்கப் பின்னறையிலிருந்து வந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். டாக்டருக்குப் பல் செய்து கொடுப்பவர். மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் உதட்டருகே வைத்துப் பார்த்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"நான்."

"அப்புறம்?"

"அதான் சொன்னேனே. வாயை நல்லாத் திறங்க."

2

அவரைப் பற்றி நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: 'அந்தி சாயும் நேரம். சன்னலோரம் அவள் தனியாக...'

(அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர் யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டிருப்பார்.)

இரண்டாம் தொடக்கம்: 'இருபது வயதில் அவளை ஏமாற்றியவன்...'

(அப்படி யாரும் இல்லையாம். "மூணு பேர் பார்த்துட்டுப் போனாங்க, மூணு பேரையும் எனக்குப் பிடிக்கலை. அப்புறம் அப்பா படுத்துட்டாரு, பார்த்துக்கிட்டேன். அவருக்கப்புறம் இப்படி இருக்கிறதே பிடிச்சுப்போச்சு." அப்படியானால் இது விருப்பமா, சூழ்நிலையா என்று இழுத்தேன். "ரெண்டும்தான். உங்களுக்கு ஒண்ணுதான் வேணுமா?")

3

நடந்தது இது. ஆறு மாதத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி, இரண்டு மணி நேரம் எழ முடியவில்லை. தம்பி ஆடிப்போய்விட்டார். மளமளவென்று தன் வீட்டு மாடியில் அக்காவுக்கு ஓர் அறை கட்டினார். "தனியா கிச்சன் எதுக்குக்கா? எங்ககூடத்தானே சாப்பிடப்போறே?" தனி வாசலும் கிடையாது, அவர்கள் கூடத்தைக் கடந்துதான் ஏற வேண்டும். தம்பி மகள் துணைக்குப் படுக்க இரண்டாவது கட்டில் வேறு. இத்தனையும் செய்தவர் அக்காவை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாசத்தில் குறை சொல்லவே முடியாது. அதுதான் வம்பு.

சனிக்கிழமையோடு இவருடைய வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும். போட்டாலோ தம்பி மனம் ஒடிந்துபோவார்.

4

முடிவு அ: புது அறையைப் பார்த்ததும் அவர் கண் கலங்கி...

முடிவு ஆ: தம்பி தன் தவறை உணர்ந்து...

எழுதியதையெல்லாம் அவரிடமே படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"விழுந்ததை எழுதியிருக்கீங்க. தவழ்ந்துபோய் நானே டாக்டருக்கு ஃபோன் பண்ணினதை எழுதலையே?"

(எழுதியாயிற்று.)

"சரி, கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"முடிவு பண்ணிட்டேன். தம்பிகிட்ட இன்னும் சொல்லலை. அவனுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்றது நல்லாவா இருக்கும்?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

5

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள்தான் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை, அழைப்புமணி அடிக்கிறது. கதவைத் திறக்கிறீர்கள். அக்கா நிற்கிறார். கையில் பெட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்க்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். இந்த முறையாவது, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.